ஊழியர் பிள்ளைக்குக் கட்டணச் சலுகை: வரி எப்போது வரும், கையெழுத்து எப்போது போடலாம்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாக அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிறந்தது திருநெல்வேலி, கல்யாணமாகி இங்கே வந்தவள். மகள் மெட்ரிக் முடித்துவிட்டாள். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே பி.காம். இடம் கிடைத்திருக்கிறது. ஊழியர் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி என்று வளாகச் செய்திமடலில் அறிவிப்பு வந்தது. ஊழியர்களும் படிக்கலாம் என்று அதிலேயே இருந்ததால், நானும் பகுதி நேரமாக ஆனர்ஸ் (பட்டத்துக்கு அடுத்த படிப்பு) படிக்க நினைக்கிறேன். ஆனால் படிப்பை நடுவில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவேன் என்று ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். என் வீட்டுக்காரர், 'வம்பை விலைக்கு வாங்காதே, பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள்' என்கிறார். கூட வேலை செய்யும் ஒருவரோ, சம்பளத்தில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டு அதை மகள் பெயரில் பர்சரியாக, அதாவது படிப்பு உதவித்தொகையாக, வாங்கினால் வரி மிச்சம் என்கிறார். என் அடிப்படைச் சம்பளம் மாதம் 44,000 ராண்ட். நான் என்ன செய்வது? நாத்தனார் மகளையும் இந்தச் சலுகையில் சேர்க்க முடியுமா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: மகளுக்கான சலுகையை யோசிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆனர்ஸ் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடலாம், ஆனால் ஓரிரு வரிகளைத் திருத்தித் தரச்சொல்லிக் கேட்ட பிறகு. சக ஊழியரின் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அது 2021-க்கு முந்தைய காலத்து யோசனை.

செய்திமடல் உங்களையும் மகளையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டது. வருமான வரிச் சட்டம் உங்கள் இருவரையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. பிரிவு 10(1)(கியூ)-வில் ஊழியர் தானே படிப்பதற்கு ஒரு விதி, ஊழியரின் உறவினர் படிப்பதற்கு இன்னொரு விதி. குழப்பம் எல்லாம் இந்த இரண்டையும் கலப்பதால் வருவது.

மகள் விஷயத்தை முதலில் பார்ப்போம். உறவினருக்குத் தரும் பர்சரிக்கு (உங்கள் மகளின் தள்ளுபடியும் இதில்தான் சேரும்) வரிவிலக்கு வேண்டுமானால், 2025-26 விதிப்படி, ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 6 லட்சம் ராண்டைத் தாண்டக் கூடாது. தாண்டவில்லை என்றால், பள்ளிப் படிப்புக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 ராண்ட் வரையிலும், அதற்கு மேற்பட்ட படிப்புக்கு, அதாவது என்.கியூ.எஃப். என்ற தேசியத் தகுதி வரிசையில் 5 முதல் 10 வரையான நிலைகளுக்கு, 60,000 ராண்ட் வரையிலும் வரி கிடையாது. பி.காம். 7-ஆம் நிலை என்பதால் உங்கள் மகளுக்கு 60,000 கணக்குத்தான். அதற்கு மேல் போகிற தொகைக்கு மட்டும் வரி. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு உச்சவரம்பு இன்னும் கூடுதல்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். 44,000-ஐ 12-ஆல் பெருக்கினால் 5,28,000. ஆறு லட்சத்துக்குள்தானே என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். சட்டம் பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தை மட்டுமல்ல. ஆண்டு இறுதியில் வரும் பதின்மூன்றாவது மாதச் சம்பளம், அலவன்ஸ்கள், பல்கலைக்கழகம் உங்களுக்காகக் கட்டும் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பு) பங்கு, ஓய்வூதிய நிதிக்குக் கட்டும் பங்கு எல்லாம் அதில் சேரும். 2016 மார்ச் முதல் முதலாளி கட்டும் ஓய்வூதியப் பங்கும் ஊழியர் பெற்ற சலுகையாகவே கணக்கில் ஏறுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அடிப்படை 5,28,000. பதின்மூன்றாவது சம்பளம் 44,000, ஆயிற்று 5,72,000. மெடிக்கல் எய்டுக்கு மாதம் 2,500 என்று வைத்தால் 30,000. அங்கேயே 6,02,000, ஆறு லட்சம் என்ற கோட்டைத் தாண்டியாயிற்று. ஓய்வூதியப் பங்கு மாதம் 4,000 என்றால் இன்னொரு 48,000 சேர்ந்து 6,50,000. வங்கியில் வந்து விழும் பணத்தைப் பார்த்தால் நீங்கள் ஆறு லட்சக்காரர் என்று யாரும் நம்பமாட்டார்கள். வரித்துறைக் கணக்கில் நீங்கள் அதுதான். ஊகிக்கவே வேண்டாம். போன வரி ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் தந்த ஐ.ஆர்.பி.5 என்ற சம்பள வரிச் சான்றிதழை எடுத்து, 3699 என்ற குறியீட்டுக்கு நேரே என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். வளாகக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு வீட்டின் மதிப்பைக் கழிக்கவேண்டும். உங்களைப் போல வெளியே இருப்பவர்களுக்கு அந்த எண்ணே போதும்.

போன ஆண்டு என்று சொன்னது வாய்தவறி அல்ல. இந்தக் கோட்டுக்குப் பார்ப்பது முந்தைய வரி ஆண்டின் சம்பளத்தை. இங்கே வரி ஆண்டு மார்ச் 1-இல் தொடங்கிப் பிப்ரவரி கடைசியில் முடியும். அதனால் இந்த ஆண்டு பதவி உயர்வு வந்தால் இந்த ஆண்டுச் சலுகையைப் பாதிக்காது, அடுத்த ஆண்டுதான் பாதிக்கும். மூன்று ஆண்டுப் படிப்பில் முதல் ஆண்டு வரி இல்லாமலும் இரண்டாம் ஆண்டு வரியோடும் வருவது இப்படித்தான். சம்பளப் பிரிவு தப்புச் செய்துவிட்டது என்று சண்டைக்குப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்றே வைப்போம். அப்போது 60,000 வரை விலக்கு என்பதே உங்களுக்கு இல்லை. சலுகை முழுவதும் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். அதற்காகச் சலுகையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாவம், கணக்குப் போடாமல் செய்த வேலை. தள்ளுபடி 40,000 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26 அட்டவணைப்படி, வரிக்குரிய வருமானம் 5,12,801-லிருந்து 6,73,000 வரை இருப்பவர்களுக்கு மேல்தொகைக்கு 36 சதவீதம் வரி. 40,000-க்கு 14,400. மாதத்துக்கு 1,200 ராண்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். அப்படியும் 25,600 ராண்ட் உங்களுக்கு மிச்சம். வேறு எந்தப் பர்சரி தேடி அலைந்து இதைச் சம்பாதிப்பீர்கள்? குடும்ப வருமானம் 3,50,000-க்கு மேல் என்பதால் அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். பர்சரிக்கும் மகள் போகமுடியாது. அரசு உதவிக்கு வருமானம் அதிகம், கட்டணம் கட்டப் போதாது என்று நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்: 'மிஸ்ஸிங் மிடில்' என்று இங்கே எல்லோரும் புலம்புவது உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளைத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சில சம்பளப் பிரிவுகள் வரி முழுவதையும் ஒரே மாதத்தில் பிடித்துவிடும். பேஸ்லிப்பைத் திறந்தால் 14,400 ராண்ட் காணாமல் போயிருக்கும். வீட்டுக் கடன் தவணை அந்த மாதமே தள்ளாடும். மகள் பதிவு செய்தவுடனேயே, பிடித்தத்தை மாதங்களுக்குப் பரப்பிப் பிடிக்க முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துபோவார்கள்.

இந்த 6 லட்சம் கோடு 2018 மார்ச் 1-இல் போட்டது. அதற்கு முந்தைய ஓராண்டு 4 லட்சமாக இருந்தது. 2018-இலிருந்து 2025-26 வரை சம்பளங்கள் ஏறின, கட்டணங்கள் ஏறின, கோடு அப்படியே இருந்தது. பேராசிரியர்களுக்கு இது முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை. நடுவில் இருந்த நிர்வாக ஊழியர்களும் ஆய்வகத் தொழில்நுட்பர்களும்தான் ஆண்டுக்கு ஆண்டு நழுவி வெளியே விழுந்தார்கள். என்னைக் கேட்டால், ஊழியர் சங்கங்கள் சம்பளப் பேச்சில் காட்டும் வேகத்தில் கால்வாசியை இதில் காட்டியிருக்கவேண்டும். எப்படியும், பிப்ரவரி பட்ஜெட் வந்ததும் கோடு மாறியிருக்கிறதா என்று வரித்துறையான சார்ஸ் வெளியிடும் ஊழியர் சலுகைகளுக்கான கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

இனி சக ஊழியர் சொன்னது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் பணத்தை உறவினருக்குப் பர்சரியாக மாற்றுவது ஒரு காலத்தில் நன்றாகவே ஓடியது. அதை விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். 2021 மார்ச் 1 முதல், பர்சரிக்காக ஊழியரின் சம்பளம் குறைக்கப்பட்டாலோ விட்டுக்கொடுக்கப்பட்டாலோ விலக்குக் கிடையாது. இதில் மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் ஆனர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நல்ல செய்தி இருக்கிறது. ஊழியர் தானே படிக்கும்போது 6 லட்சம் என்ற கோடு இல்லை, 60,000 என்ற உச்சவரம்பும் இல்லை. ஒரே நிபந்தனைதான்: மரணம், உடல்நலக் குறைவு, காயம் தவிர வேறு காரணத்தால் படிப்பை முடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஊழியர் ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். அதாவது, உங்கள் வீட்டுக்காரர் வம்பு என்று சொல்லும் அந்த வாசகம்தான் உங்களுக்கு வரியை மிச்சப்படுத்தும் வாசகம். அது இல்லாமல் பல்கலைக்கழகம் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் முழுத் தொகைக்கும் வரி வரும். ஆகவே அதை நீக்கச் சொல்லாதீர்கள்.

நீங்கள் உற்றுப் பார்க்கவேண்டியது அதற்கு அடுத்த பத்தியை. பெரும்பாலான ஒப்பந்தங்களில், படித்து முடித்த பிறகு இத்தனை காலம் இங்கேயே வேலை பார்க்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். வரிச் சட்டம் இதைக் கேட்கவில்லை. பல்கலைக்கழகம் தன் வசதிக்காகப் போடுவது. அதனால் இதில் பேரம் பேசலாம். இரண்டு ஆண்டு பிணைப்பு என்றால், ஓராண்டு வேலை பார்த்துவிட்டு விலகினால் பாதித் தொகைதான் கட்டவேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நீங்களாக ராஜினாமா செய்தால்தான் இது பொருந்தும், ஆட்குறைப்பில் அனுப்பினால் பொருந்தாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஒரு பாடத்தில் தோற்றால் அது 'முடிக்காதது' ஆகிவிடுமா, மறுபடி எழுத ஓராண்டு உண்டா என்பதையும் கேளுங்கள். வேலை பார்த்துக்கொண்டு பகுதி நேரமாகப் படிப்பவர்களுக்கு இதுதான் நிஜமாக வரக்கூடிய சிக்கல்.

படிப்பு விடுப்புக்கும் எழுத்தில் உத்தரவாதம் வாங்குங்கள். 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தில் ஆண்டு விடுப்பு உண்டு, நோய் விடுப்பு உண்டு, குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. படிப்பு விடுப்பு இல்லை. அது முழுக்க உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியிலும் மேலதிகாரியின் மனத்திலும் இருக்கிறது.

பென்ஷன் பயத்துக்கு வருவோம். உங்கள் நிதி 1956-ஆம் ஆண்டின் ஓய்வூதிய நிதிகள் சட்டத்தின் கீழ் வருவதாக இருந்தால், முதலாளி தன் கடனுக்காக அதில் கை வைக்கக்கூடிய காரணங்கள் மிகக் குறைவு: வீட்டுக் கடன், திருட்டு, மோசடி போன்றவை. படிப்புக் கட்டணப் பாக்கி அந்த வரிசையில் வராது. மாதச் சம்பளத்திலிருந்து பிடிப்பது வேறு கதை. எந்தக் கடனுக்கு என்று குறிப்பிட்டு நீங்கள் எழுத்தில் சம்மதித்திருந்தால் பிடிக்கலாம். ஆகையால் ஒப்பந்தத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் பிடித்தம் செய்யும் அனுமதியை இரண்டு முறை படியுங்கள். 'செலுத்தவேண்டிய எந்தத் தொகையும்' என்று பொதுவாக இருந்தால், 'இந்தப் படிப்புக் கட்டணம்' என்று மாற்றித் தரச்சொல்லுங்கள். மாதம் இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டோம் என்றும் ஒரு வரி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

உங்கள் பாடம் உங்கள் வளாகத்தில் இல்லாமல், தொலைநிலைக் கல்விப் பல்கலைக்கழகமான யூனிசாவில் படிக்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் முதலில் கட்டிவிட்டு, படித்து முடித்த பிறகு பல்கலைக்கழகம் அந்தப் பணத்தைத் தந்தால், அதைப் பரிசாகவே சார்ஸ் எடுத்துக்கொள்ளும், வரி உண்டு. ஒப்பந்தம் முன்னால், பதிவு பின்னால் என்ற வரிசை மாறக்கூடாது.

அப்புறம், பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைத்தது உங்களுக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் இணைப்பில் பிறந்தவை. டர்பன்-வெஸ்ட்வில்லும் நேட்டாலும் 2004-இல் சேர்ந்துதான் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆனது, எம்.எல். சுல்தான், நேட்டால் என்ற இரண்டு டெக்னிக்கான்களும் (தொழில்நுட்ப உயர்கல்வி நிலையங்கள்) 2002-இல் சேர்ந்தன. பழைய பணி நிபந்தனைகளோடு வந்தவருக்கு ஒரு விதியும் பின்னால் சேர்ந்தவருக்கு வேறு விதியும் இருக்கக்கூடும். ஹெச்.ஆரிடம் உங்கள் நியமனக் கடிதத்தின் தேதியைச் சொல்லி, எந்த விதி பொருந்தும் என்று கேளுங்கள். தள்ளுபடி படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமா, விடுதிக்கும் உண்டா, மகள் ஒரு பாடத்தில் தோற்றால் மறுபடி அதற்கும் உண்டா, நடு ஆண்டில் நீங்கள் வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

ஜூலையில் வரிக்கணக்குக் காலம் தொடங்கும்போது சார்ஸ் தானாகவே மதிப்பீடு அனுப்பும். 'சரி' என்று விட்டுவிடுமுன், மகளின் தள்ளுபடியும் உங்கள் ஆனர்ஸ் தள்ளுபடியும் ஐ.ஆர்.பி.5-இல் தனித்தனியாக, சரியான தலைப்பில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் சேர்த்து வரிக்குரியதாகப் போட்டிருந்தால், திருத்திய சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடம்தான் வாங்கவேண்டும். சார்ஸ் அதைத் திருத்தாது.

நாத்தனார் மகள்: வரிச் சட்டம் சொல்லும் 'உறவினர்' வட்டத்துக்குள் அவள் வருவாள். கணவன் வழியில் மூன்றாம் நிலை இரத்த உறவு வரை சட்டம் ஏற்கிறது. ஆனால் சலுகையைக் கொடுப்பது பல்கலைக்கழகம். அங்கே பெரும்பாலும் ஊழியரின் கணவன் அல்லது மனைவி, சொந்தப் பிள்ளை, தத்துப் பிள்ளை, சட்டப்படி பாதுகாவலில் உள்ள பிள்ளை என்று நிறுத்திக்கொள்வார்கள். அந்தப் பெண் உங்கள் வீட்டிலேயே வளர்ந்து, நீங்கள் நீதிமன்றம் வழியாகப் பாதுகாவலராக இருந்தால் விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் அவளுடைய பெற்றோர் வருமானம் 3,50,000-க்குக் கீழே இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். அவளுக்கு இதைவிட நல்ல வழி.