மகள் சொன்னது பொய் இல்லை

கேள்வி: 12 வயதான என் மகள், "ஒரு விண்கலம் சூரியனைத் தொட்டதாம் அப்பா" என்றாள். வீட்டுக்கு வந்திருந்தவர்களுக்கு முன்னால், "கிட்டப் போனாலே உருகிவிடும், பொய் கதைக்காதே" என்று ஏசிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. உண்மையில் அப்படி நடந்ததா? அவளிடம் நான் என்ன சொல்ல?
— ஒரு தந்தை, திருகோணமலை

பதில்: தம்பி, மகள் சொன்னது சரி. பார்க்கர் என்ற அமெரிக்க விண்கலம் 2021 ஏப்ரலில் சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவுக்குள் நுழைந்து வெளியே வந்தது. சூரியனுக்கு நிலம் போல் கெட்டியான மேற்பரப்பு கிடையாது. அதனால் அந்த எல்லையைத் தாண்டியதைத்தான் 'தொட்டது' என்கிறார்கள். பிறகு 2024 டிசம்பர் 24ஆம் திகதி, சூரியனின் ஒளிரும் பரப்பிலிருந்து ஏறத்தாழ 61 இலட்சம் கிலோமீற்றர் தூரம் வரை போனது. மனிதர் செய்த வேறெதுவும் அவ்வளவு கிட்டப் போனதில்லை.

61 இலட்சம் என்றால் கிட்டவா என்று நினைப்பீர்கள். நமக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 15 கோடி கிலோமீற்றர். அதை திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிற பாதையாக, 260 கிலோமீற்றராக, வைத்துப் பாருங்கள். நிலவுக்குப் போன மனிதர்கள் பஸ் ஏறி முக்கால் கிலோமீற்றர்கூடப் போகவில்லை. 1976இல் ஜெர்மனியும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய ஹீலியோஸ் 2 சூரியனை 4 கோடியே 30 இலட்சம் கிலோமீற்றருக்கு நெருங்கியது. அது குருநாகலைத் தாண்டிவிட்டது. பார்க்கருக்கோ கொழும்பு பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான். அந்த நேரத்தில் அது பறந்த வேகத்துக்கு, நிஜமான திருகோணமலை–கொழும்புப் பாதையே ஒன்றரை விநாடிக்குள் முடிந்துவிடும்.

உருகிவிடும் என்று நீங்கள் சொன்னீர்கள். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். கொரோனாவின் வெப்பநிலை பத்து இலட்சம் பாகைக்கு மேல். ஆனால் பாண் போறணையை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று கொதிநீரைவிடச் சூடு. இருந்தும் அதற்குள் ஒரு கணம் கை வைத்து எடுக்கலாம், கொதிநீரில் வைக்க முடியாது. காற்று ஐதானது, கையில் படும் துணிக்கைகள் குறைவு. கொரோனா அதைவிடப் பல மடங்கு ஐதானது. அங்கே கலத்தைச் சுடுவது முக்கியமாகச் சூரியனின் ஒளிதான். அதைத் தடுக்க முன்னால் சுமார் 11 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு கரிமக் கவசம். ஏறத்தாழ 1400 பாகை வரை தாங்கும்படி செய்தது. அதன் நிழலில் இருக்கும் கருவிகளுக்கு 30 பாகை அளவுதான், நம்மூரில் ஒரு பகல் வெயில் அவ்வளவு. தம்பி சடாயு கருகிவிடாமல் சம்பாதி தன் சிறகை விரித்து, தான் கருகின கதையை மகளுக்குச் சொல்லிக்கொண்டே இதையும் சொல்லலாம்.

இன்னொரு கதையும் இருக்கிறது. உங்களுக்கு இதுதான் முக்கியம். 1958இல் யூஜின் பார்க்கர் என்ற இளம் விஞ்ஞானி, சூரியனிலிருந்து துணிக்கைகள் காற்றுப்போல் இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்கின்றன என்று எழுதினார். கட்டுரையைப் பார்த்த நிபுணர்கள் இருவர் தள்ளிவிட்டார்கள். அந்த ஆய்விதழின் ஆசிரியர் நம்ம தமிழ்க் குடும்பத்துச் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. ஆனால் கணக்கில் பிழை காணமுடியவில்லை என்பதால் பிரசுரித்தார். 1962இல் மரினர் 2 விண்கலம் அந்தக் காற்றை நேராகவே அளந்துவிட்டது. 2018 ஓகஸ்டில் தன் பெயரைத் தாங்கிய கலம் புறப்படுவதை 91 வயதில் பார்க்கர் கண்ணால் பார்த்தார். உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுதான் முதல் தடவை.

சந்திரசேகர் செய்ததையே நீங்களும் செய்யுங்கள். "எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் நீ எங்கே வாசித்தாய், காட்டு" என்று அன்று கேட்டிருக்கலாம். இப்போதும் கேட்கலாம். ஆனால் முதலில், "மகள், நீ சொன்னது சரி, நான்தான் பிழை" என்று சொல்லுங்கள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதீர்கள். ஏசினது ஆட்களுக்கு முன்னால் என்றால், இதையும் அதே ஆட்கள் வரும்போது சொல்ல வேண்டும். அது கஷ்டம்தான், எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சபை பெரிய விஷயம்.

அப்புறம் அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட இருப்பது எந்த மாதம்? கச்சான் காற்று கொளுத்துகிற யூலை என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மையில் அது ஜனவரி முதல் வாரம், தைப்பொங்கலுக்குப் பத்து நாள் முன்னர், வாடைக் காற்றும் மழையுமாக இருக்கிற நேரம். யூலையில் நாம் சூரியனிலிருந்து இன்னும் 50 இலட்சம் கிலோமீற்றர் அப்பால் இருக்கிறோம். கச்சானின் சூடு, மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கி வருவதால் வருவது. தூரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1969 யூலையில் நிலவில் நின்ற ஆம்ஸ்ட்ரோங்கைவிட, ஜனவரியில் உங்கள் கடற்கரையில் வலை இழுப்பவர்தான் சூரியனுக்குக் கிட்ட.

வரும் ஜனவரியில் ஒருநாள் விடிய முன்னம் அவளைக் கோணேசர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடலுக்கு மேலே கிழக்கு சிவக்கிறதைப் பார்க்கலாம். சூரியன் எழும்பின பிறகு நேராகப் பார்க்க விடாதீர்கள், எக்ஸ்ரே பிலிமும் கரி பூசின கண்ணாடியும் கண்ணைக் காப்பாற்றாது. கேள்வி கேட்க அவளை முதலில் விடுங்கள்.