ஈஸ்ட் கொடுத்தால் மாட்டின் கழிச்சல் நிற்குமா?

கேள்வி: கறவை மாடு கன்று ஈன்று மூன்று வாரம் ஆகிறது. பால் கூடட்டும் என்று அடர்தீவனத்தை ஒரே வாரத்தில் 4 கிலோவிலிருந்து 8 கிலோவாக்கி, காலையும் மாலையும் பிரித்து வைக்கிறேன். இப்போது சாணம் இளகி நுரையாக விழுகிறது, பாலில் கொழுப்பு குறைந்துவிட்டது, அசைபோடுவதும் குறைவு. ஈஸ்ட் பொடி கொடுக்கலாமா? எவ்வளவு? கன்றுக்கும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் தீவன முறையை முதலில் திருத்துங்கள். அதைத் திருத்தாமல் எந்தப் பொடி போட்டாலும் வீண்.

நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் அசையூண் வயிற்றில் அமிலம் மிகுந்ததையே காட்டுகின்றன. ஒரே வேளையில் 4 கிலோ அடர்தீவனம் இறங்கினால் அதிலுள்ள மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலமாகிறது. நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அமிலத்தில் வேலை செய்யாது. கொழுப்பு குறைவது அதனால்தான். இரண்டு மூன்று நாள் 5 கிலோவுக்கு இறக்குங்கள். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை கிலோ வீதம் ஏற்றுங்கள். ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம். வைக்கோலோ சோளத்தட்டையோ முதலில் தின்ற பிறகே அடர்தீவனம். தட்டையைத் தூளாக அரைக்காமல் 2–3 செ.மீ. துண்டாக வெட்டுங்கள், நீளமான நார் இருந்தால்தான் அசைபோட்டு உமிழ்நீர் சுரக்கும், அமிலத்தை முறிப்பது அந்த உமிழ்நீர்தான்.

உயிருள்ள ஈஸ்ட் (சாக்கரோமைசிஸ் செரிவிசியே) வயிற்றில் கலந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். நார் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் ஆகாது என்பதால் அவை பெருகும். லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கும் ஊக்கம் கிடைக்கும்.

அளவைக் கிராமில் கேட்காதீர்கள், உயிரணு எண்ணிக்கையில் பாருங்கள். மாட்டுக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 2000 கோடி உயிரணுக்கள் தேவை. பையில் கிராமுக்கு 200 கோடி என்று இருந்தால் 5–10 கிராம் போதும். எண்ணிக்கையே அச்சிடாத பையை வாங்காதீர்கள். 'ஈஸ்ட் கல்ச்சர்', 'ஈஸ்ட் செல்சுவர்' என்பவை வேறு பொருட்கள். செல்சுவரிலுள்ள மன்னான், பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரை வகைப் பொருட்கள் சில கிருமிகளைப் பற்றி வெளியேற்றவும் எதிர்ப்பாற்றலைத் தூண்டவும் உதவுமே தவிர, உயிருள்ள ஈஸ்ட்டின் வேலையைச் செய்யாது.

ஒரு கைப்பிடி தவிட்டில் கலந்து தினமும் கொடுங்கள். ஈஸ்ட் வயிற்றில் நிலைத்துத் தங்குவதில்லை, நிறுத்தினால் பலனும் நின்றுவிடும். சுடுகஞ்சியில் கலந்தால் செத்துவிடும். திறந்த பையில் ஈரம் ஏறினாலும் அப்படித்தான். பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக் ஈஸ்ட்டைக் கொல்லாது, அது பூஞ்சை இனம். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். படுத்து ஓய்வெடுக்கும் நேரத்தில் மாடு அசைபோடுகிறதா, சாணம் இறுகுகிறதா என்று கவனித்து வாருங்கள்.

கன்றுக்கு, கன்றுகளுக்கென்றே விற்கும் ஈஸ்ட்டை, பையில் குறித்துள்ள அளவில் வெதுவெதுப்பான பாலில் கலக்கலாம். சீம்பாலுக்கு அது மாற்றே இல்லை: பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். கழியும் கன்றுக்கு முதல் தேவை, நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு–சர்க்கரைக் கரைசல் (எலக்ட்ரோலைட்). கண் குழிந்து, பால் குடிக்க மறுத்தால் அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். மாடு தீனியை அடியோடு நிறுத்தினாலும், தள்ளாடினாலும், படுத்தே கிடந்தாலும் ஈஸ்ட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவர் வேண்டும்.