சுழல் நாற்காலியும் நசுங்கிய தூக்குவாளியும்

கேள்வி: ஈர்ப்பு விசை திடீரென்று பாதியாகிவிட்டால் பூமி மெதுவாகச் சுழலுமா? ஒரு நாள் என்பது 48 மணி நேரம் ஆகிவிடுமா?
(பிளஸ் டூ மாணவி, பரமக்குடி)

பதில்: ஆகாது, அம்மா. பாதிக்கு இரண்டு மடங்கு என்று சட்டென்று கணக்குப் போட்டிருக்கிறாய். ஆனால், பூமியைச் சுழற்றிக்கொண்டிருப்பது ஈர்ப்பு விசை அல்ல. பூமி உருவானபோது கிடைத்த சுழற்சி, பெரிதாகத் தடுக்க ஆளில்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈர்ப்புக்கு வேறு வேலை: பூமியை எல்லாப் பக்கமும் உள்நோக்கி அமுக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் பூமி கொஞ்சம் உப்பும். உப்பினால் சுழற்சி மந்தமாகும்.

பாடம் நடத்திய காலத்தில் இதைக் காட்ட, தலைமையாசிரியர் அறையிலிருந்து சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவேன். மளிகைக் கடையில் இரவல் வாங்கிய இரண்டு கிலோ எடைக்கற்களைக் கைக்கு ஒன்றாகக் கொடுத்து, ஒல்லியான பையன் ஒருவனை உட்கார வைத்துச் சுற்றிவிடுவேன். கையை விரித்தால் நாற்காலி அசமந்தமாகும். கற்களை மார்போடு அணைத்தால் பம்பரமாகும். ஒரு முறை, தலை சுற்றிய பையன் ஒரு கல்லை நழுவவிட்டான். என் தூக்குவாளி நசுங்கியது. அன்று மதியம் பட்டினி. ஆனால், அந்த வகுப்பில் ஒருவரும் இந்தக் கேள்வியைத் தேர்வில் தவறவிடவில்லை.

இப்போது கணக்கு. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அது சீராக ஒரு சதவீதம் கூடினால் நாள் இரண்டு சதவீதம், அதாவது சுமார் 29 நிமிடம் நீளும். நீ கேட்கும் 48 மணி நேரத்துக்கு ஆரம் 41 சதவீதம் கூட வேண்டும். அழுத்தம் முழுவதும் விலகினால்கூடப் பாறையும் இரும்பும் அவ்வளவு விரிந்து கொடுக்காது.

ஈர்ப்பின் வலுவைக் குறிக்கும் எண்ணான ஈர்ப்பு மாறிலி காலப்போக்கில் குறைந்துகொண்டே வரலாம் என்று 1937-இல் இயற்பியலாளர் பால் டிராக் ஒரு யோசனை சொன்னார். 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்த பிரதிபலிப்பான் மீது லேசர் பாய்ச்சி நிலவின் தூரத்தை அளந்து வருகிறார்கள். அப்படிக் குறைவதற்கான தடயம் இதுவரை இல்லை. ஆனால், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போவது தெரிந்தது. அங்கேதான் ஈர்ப்பின் உண்மையான கைவரிசை இருக்கிறது. நிலவின் ஈர்ப்பு கடலைப் புடைக்க வைக்கிறது. சுழலும் பூமி அந்தப் புடைப்பை நிலவுக்கு முன்னே இழுத்துக்கொண்டு போகிறது. நிலவு அதைப் பின்னுக்கு இழுக்கிறது. ஓடும் சைக்கிள் சக்கரத்தில் விரலை வைப்பது மாதிரிதான். இந்த இழுபறியில், நூற்றாண்டுக்கு இரண்டு மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாக நாள் நீண்டு வருகிறது.

இதற்கா இத்தனை பேச்சு என்று நினைக்காதே. கி.மு. 136, ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழு சூரிய கிரகணம் தெரிந்ததைக் களிமண் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பூமி என்றும் இன்றைய வேகத்தில்தான் சுழன்றது என்று கொண்டால், அந்த நிழல் மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் விழுந்திருக்க வேண்டும். ஏறக்குறைய எட்டு லட்சம் நாட்களின் சில்லறை சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது!

கேள்வி: 2011 ஜப்பான் நிலநடுக்கத்தால் நாள் குறைந்ததாமே? அப்படியானால் நமக்கு வயது சீக்கிரம் ஏறுமா?
(ஓய்வு பெற்ற தபால்காரர், தூத்துக்குடி)

பதில்: நாசா விஞ்ஞானி ரிச்சர்ட் கிராஸ் போட்ட கணக்குப்படி 1.8 மைக்ரோ விநாடி (ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்தது. காரணம் அதே நாற்காலிதான். எடை கொஞ்சம் உள்ளே நகர்ந்துவிட்டது. கடிகாரத்தில் அளந்து சொன்னதல்ல இது. பருவத்துக்குப் பருவம் காற்று மாறுவதே நாளின் நீளத்தை ஒரு மில்லி விநாடி அளவுக்கு ஆட்டிவைக்கும்போது, இதைத் தனியே பிரித்துப் பார்ப்பது கடினம். தினமும் 1.8 மைக்ரோ விநாடி என்று சேர்த்தால் ஒரு முழு விநாடி ஆக 1,500 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். உங்கள் முழங்கால் வலிக்கு வேறு காரணம் தேடுங்கள் ஐயா.