கைக்குப் பழகும் லென்ஸ்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஃபிலிம் புகைப்படம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். என் மாமா தன்னுடைய நிக்கான் எஃப்எம்2 கேமராவை 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸோடு எனக்குக் கொடுத்துவிட்டார். ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு எடுக்கிறேன். வீட்டு மனிதர்கள், தெரு, கொஞ்சம் நிலக்காட்சி. இப்போது முழு லென்ஸ் செட் ஒன்று சேர்க்க ஆசை. 24, 35, 50, 85, 135 என்று பட்டியல் போட்டிருக்கிறேன். இருக்கும் 50ஐக் கொடுத்துவிட்டு எஃப்/1.4 வாங்கலாமா? நண்பர் ஒருவர் ஹீலியோஸ் 58 எம்எம் லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டிப்பார் என்கிறார். இன்னொருவர் இத்தனை எதற்கு, ஒரு ஜூம் போதுமே என்கிறார். இன்னொரு விஷயம், பக்கத்தில் நின்று எடுக்கும் முகங்களில் பாதிக்கு மேல் ஃபோகஸ் தவறுகிறது. நல்ல லென்ஸ் வாங்கினால் இது சரியாகிவிடுமா?

ர.

*

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றக் கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

கையால் ஃபோகஸ் செய்யும்போது படம் கூர்மையாக வருவதும் வராததும் பெரும்பாலும் விரல்களைப் பொறுத்தது. கண்ணாடியின் தரமெல்லாம் அப்புறம்தான். 50 எம்எம் லென்ஸை எஃப்/1.8இல் முழுக்கத் திறந்து (எஃப் எண் சிறிதானால் ஒளி புகும் துளை, அதாவது அப்பெர்ச்சர், பெரிது), ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் முகத்தை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. கண் சரியாக விழுந்தால் காது மங்கிவிடும். எதிரில் இருப்பவர் பேச்சுவாக்கில் லேசாக முன்னால் சாய்ந்தாலே அந்த 4 செ.மீ. போய்விட்டது. எஃப்/1.4 வாங்கினால் இது 3 செ.மீ. சொச்சமாகக் குறையும். அதாவது, நீங்கள் சொல்லும் குறை இன்னும் பெரிதாகும். அதே 50ஐ எஃப்/4இல் வைத்துப் பாருங்கள், 9 செ.மீ. கிடைக்கும். அடுத்த ரோலில் எல்லா முகங்களையும் எஃப்/4இல் எடுங்கள்.

உங்கள் வியூஃபைண்டரின் நடுவில் கிடைக்கோட்டில் பிளந்த ஒரு சின்ன வட்டம் இருக்கும். அந்தப் பிளவு செங்குத்தான கோடுகளில்தான் நன்றாக வேலை செய்யும். இமையின் விளிம்பில் வைத்துத் தேடினால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அதுவும் கிடைக்கோடு. கருவிழியின் பக்கவாட்டு ஓரம், மூக்கின் ஓரம், மூக்குக்கண்ணாடி போட்டவராக இருந்தால் சட்டத்தின் பக்கம், இவற்றில் வையுங்கள். இல்லையென்றால் கேமராவையே கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு நிமிர்த்துங்கள். அதன்பின் முகத்தைச் சட்டகத்தில் மேலே கொண்டுபோகக் கேமராவைக் கீழ்நோக்கித் திருப்பாதீர்கள். திருப்பினால் ஃபோகஸ் விழுந்த தளமும் சேர்ந்து சாய்ந்துவிடும். கேமராவை நேராகவே வைத்துக்கொண்டு கொஞ்சம் இறக்குங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் இது பெரிய வித்தியாசம் செய்யும்.

வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினால் ஆள் கிட்டே வருகிறார், எந்தப் பக்கம் திருப்பினால் விலகுகிறார் என்று யோசிக்காமலே விரலுக்குத் தெரிய வேண்டும். நிக்கான் லென்ஸும் கேனன் லென்ஸும் எதிரெதிர்த் திசையில் திரும்புகிறவை. இரண்டு குடும்பத்து லென்ஸ்களையும் மாற்றி மாற்றிப் பிடிக்கிறவருக்கு அவசரத்தில் கை ஒருமுறை தவறான பக்கம் போய்விட்டுத்தான் திரும்பும். அதற்குள் அந்த முகபாவம் போய்விடும். செட் என்றால் பையில் எத்தனை லென்ஸ் இருக்கிறது என்பதில்லை. கை யோசிக்காமல் வேலை செய்கிற லென்ஸ்கள் எவையோ அவைதான் செட். அதனால்தான் ஒரே குடும்பத்தில் சேர்க்கச் சொல்கிறேன், குறைவாகச் சேர்க்கச் சொல்கிறேன்.

எஃப்/1.4 பற்றி இன்னும் ஒன்று. நீங்கள் போடுவது 400 ஃபிலிம். நல்ல வெயிலில் எஃப்/16க்கு ஷட்டர் வேகம் 1/400 நொடி என்பது எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. எஃப்எம்2 வேகமான கேமரா, 1/4000 வரை போகும். அப்படிப் போனாலும் வெயிலில் எஃப்/5.6 பக்கம்தான் நிற்பீர்கள். 1/1000தான் உச்சம் என்கிற கேமராக்கள் எஃப்/11லேயே நின்றுவிடும். ரோலை மாற்றும்வரை ஐஎஸ்ஓவையும், அதாவது ஃபிலிமின் ஒளி உணர்வையும், மாற்ற முடியாது. ஆகவே பகலில் அந்த 1.4க்கு வேலையே இல்லை. இரவில், வீட்டு விளக்கில், எஃப்/1.8ஐவிட முக்கால் ஸ்டாப்புக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) குறைவாகத்தான் கூடுதல் வெளிச்சம் தரும். உங்கள் 1.8ஐ விடாதீர்கள். கண்ணாடிகளை டபுள் காஸ் முறையில் அடுக்கிய இந்த 50கள் எந்தக் கம்பெனியிலும் மோசமாக வந்ததில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்பதாலேயே பலரும் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஹீலியோஸ் அழகான லென்ஸ். பின்னணியைச் சுழற்றிக் காட்டும் அதன் குணத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். ஆனால் உங்கள் கேமராவுக்கு அது வேண்டாம். அதன் எம்42 திருகு மவுண்ட்டில் (மவுண்ட் என்றால் லென்ஸைக் கேமராவில் மாட்டும் அமைப்பு) லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 45.46 மி.மீ. இருக்க வேண்டும். நிக்கானில் அது 46.5 மி.மீ. அந்த ஒரு மி.மீ. கூடுதலால் லென்ஸ் ஃபிலிமை விட்டுத் தள்ளி நின்று, தூரத்துக் காட்சி ஃபோகஸுக்கே வராது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் உண்டு, ஆனால் அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுக்கும். எம்42 லென்ஸ்கள்மேல் உண்மையாகவே ஆசை இருந்தால், பின்னால் ஒரு பென்டாக்ஸ் பாடி வாங்கிக்கொள்ளுங்கள். 1975இல் வந்த அவர்களுடைய கே மவுண்ட்டிலும் அதே 45.46தான், சாதாரண வளையம் ஒன்று போதும்.

நிக்கான் லென்ஸ் என்றாலும் எல்லாம் உங்கள் கேமராவில் ஏறாது. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து இருக்கிறது. லென்ஸின் அப்பெர்ச்சரைக் கேமராவின் ஒளிமானிக்குத் தெரிவிக்கும் ஏஐ முறை 1977இல் வந்தது. அதற்கு முந்தைய, மாற்றி அமைக்கப்படாத லென்ஸை எஃப்எம்2இல் அழுத்தி மாட்டினால் மவுண்ட்டின் ஓரத்தில் உள்ள சின்ன நெம்புகோல் உடையலாம். கண்டுபிடிக்க எளிய வழி: அப்பெர்ச்சர் எண்கள் ஒரு வரிசைதானா, அல்லது மவுண்ட்டை ஒட்டிப் பொடி எழுத்தில் இன்னொரு வரிசையும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வரிசை இருந்தால் ஏஐ. கடைசி எண் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் அதற்குப் பின் வந்த ஏஐ-எஸ். இரண்டும் உங்களுக்குச் சரி.

சரி, எந்தெந்த லென்ஸ்? உங்கள் பட்டியல் இடைவெளி இல்லாமல் நிரப்பப் பார்க்கிறது. ஒரு லென்ஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி இருந்தால் இரண்டு அடி நடந்தால் போதும், அதை நிரப்ப இன்னொரு லென்ஸ் தேவையில்லை. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் நெகட்டிவ்களை எடுத்துப் பாருங்கள். பின்னால் போக இடமில்லாமல் சுவரில் முதுகு முட்டி எடுத்த படங்கள் அதிகமா? அல்லது பிரிண்ட் போடும்போது நடுவை மட்டும் வெட்டி எடுத்த படங்கள் அதிகமா? முதலாவது என்றால் முதலில் வைட், அதாவது அகலமாகக் காட்டும் லென்ஸ், வாங்குங்கள். இரண்டாவது என்றால் டெலி, தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டுவது.

வைட் என்றால் உங்கள் விஷயத்தில் 28. 50இன் பார்வைக் கோணம் ஏறக்குறைய 46 டிகிரி, 35இல் 63, 28இல் 74. 50 கையில் இருக்கும்போது 35 ஒரு படிதான் அகலம். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி போடும், கடைசியில் ஒன்று பையிலேயே தூங்கும். 50க்குப் பதிலாகவே 35ஐ வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நல்ல முடிவு. உங்களுக்கு 50 ஏற்கெனவே பழகிவிட்டது என்பதால் சொல்கிறேன். 24 வேண்டாம். அதில் ஓரங்களில் முகம் இழுபடும், வீட்டு மனிதர்களை எடுக்கிறவருக்கு அது தொல்லை.

28இல் நிக்கானின் எஃப்/2.8 ஏஐ-எஸ்ஸைத் தேடுங்கள். 20 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யும். அவ்வளவு அருகிலும் ஓரங்கள் கெடாமல் இருக்க உள்ளே கண்ணாடித் தொகுதிகள் தனித்தனியாக நகரும். அதற்கு முந்தைய ஏஐ 28இல் 30 செ.மீ.தான், வடிவமைப்பும் வேறு. வாங்கும்போது தூர அளவில் 0.2 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வைடில் இன்னொரு சுகம் இருக்கிறது, ஃபிலிம்காரர்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. பழைய நிக்கான் லென்ஸ்களில் அப்பெர்ச்சர் எண்கள் பலவும் தனித்தனி நிறத்தில் இருக்கும். நடுவில் உள்ள வெள்ளி வளையத்தில் அதே நிறங்களில் இரண்டிரண்டு கோடுகள். எஃப்/8 என்ன நிறமோ அந்த நிறக் கோடு ஒன்றின்மேல் இன்ஃபினிட்டி (முடிவிலி, ∞) குறியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அதே நிறத்தின் மறு கோடு 1.6 மீட்டர் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து தொடுவானம் வரை எல்லாம் கூர்மை. பிளவு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம். தெருவில் ஒரு ஆள் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் அழுத்துவது மட்டும்தான் வேலை. பல புதிய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களில் இந்தக் கோடுகளே கிடையாது. 28இல் பிளவு வட்டம் கொஞ்சம் தடுமாறும், காட்சி சிறிதாகத் தெரிவதால் எது கூர்மை என்று கண்ணுக்கு உறுதியாகாது. அங்கே கண்ணைவிடக் கோட்டை நம்புங்கள்.

டெலியில் நேர்மாறு. கோடு உதவாது, கண்தான். ஆனால் காட்சி பெரிதாகத் தெரிவதால் ஃபோகஸ் ஆனதும் சட்டென்று பளிச்சிடும். என் தேர்வு 105 எம்எம் எஃப்/2.5, யோசிக்கவே வேண்டாம். எஃப் மவுண்ட்டோடு 1959லேயே வந்தது, 1971இல் உள்ளமைப்பு மாறியது. ஸ்டீவ் மெக்கர்ரி 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் எடுத்து, அடுத்த ஆண்டு ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் அட்டையில் வந்த ஆப்கன் சிறுமியின் படம் உங்களுடைய அதே எஃப்எம்2இலும் இந்த 105இலும் எடுத்ததுதான். வளையம் நிதானமாக, நீளமாகத் திரும்பும், மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தலாம். 2 மீட்டரில் எஃப்/2.5இல் ஆழம் 5 செ.மீ.தான், ஆகவே எஃப்/4 பழக்கத்தை இங்கேயும் விடாதீர்கள். ஏஐ-எஸ் என்றால் ஹூட் (வெயில் மறைப்பு) லென்ஸோடே இருக்கும், இழுத்துவிட்டால் போதும். இது வந்துவிட்டால் 85உம் 135உம் தேவைப்படாது.

28, 50, 105. மூன்றுக்கும் 52 எம்எம் ஃபில்டர். கறுப்பு வெள்ளை எடுக்கிறவருக்கு மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, இரண்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒலிம்பஸ் ஓஎம் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 28 எஃப்/3.5, 50 எஃப்/1.8, 100 எஃப்/2.8 மூன்றுமே 49 எம்எம் ஃபில்டர், மூன்றும் குட்டி லென்ஸ்கள். பயணத்துக்கு அதைவிட நல்ல செட் எனக்குத் தெரியாது.

ஜூம் கெட்டதல்ல. ஆனால் அந்தக் காலத்து ஜூம்கள் எஃப்/3.5, எஃப்/4.5 என்று நிற்பவை. வெளிச்சம் குறைந்தால் வியூஃபைண்டர் இருளும், பிளவு வட்டத்தில் ஒரு பாதி கறுத்துவிடும். ஃபோகஸ்தான் பிரச்சினை என்று எழுதியவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

எந்த லென்ஸானாலும் பெயரைவிட நிலைமைதான் முக்கியம். மூடி இரண்டையும் கழற்றி, அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. சிலந்தி நூல்போலக் கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை. உள்ளே முழுக்கப் பனி படர்ந்த மாதிரி இருந்தால் வேண்டாம், அந்த லென்ஸில் கறுப்பு கறுப்பாக வராது. ஓரத்தில் வானவில் நிறத் திட்டு தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டிருக்கிறது. அடுத்து அப்பெர்ச்சரை எஃப்/16இல் வைத்து, பின்னாலுள்ள நெம்புகோலைத் தள்ளிப் பிடித்து, பிறகு கையை எடுங்கள். பிளேடுகள் சட்டென்று மூட வேண்டும். சோம்பலாக மூடினால், அல்லது மினுமினுத்தால், எண்ணெய் இறங்கியிருக்கிறது. வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே விரலால் திருப்புங்கள். நடுவில் இறுகக் கூடாது, ஆடவும் கூடாது. முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் படத்தில் தெரியாது. பின்கண்ணாடியில் கீறல் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மூன்றையும் ஒரே சமயத்தில் வாங்காதீர்கள். 28 வந்ததும் சில ரோல்கள் அதை மட்டும் மாட்டி எடுங்கள், அப்புறம் 105.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. பகலில் மிகத் தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தின் செங்குத்து விளிம்பைப் பிளவு வட்டத்தில் வைத்து, 50இன் வளையத்தை இன்ஃபினிட்டியில் முட்டும்வரை திருப்புங்கள். இரு பாதியும் ஒன்றாகச் சேர வேண்டும். சேரவில்லையென்றால் ஃபோகஸிங் ஸ்கிரீன் சரியாக உட்காரவில்லை, அல்லது மிரர் விலகியிருக்கிறது. எஃப்எம்2இல் ஸ்கிரீனைக் கழற்றி மாட்ட முடியும் என்பதால் பழைய கேமராக்களில் இது நடப்பதுதான். முகங்கள் தவறியதற்குக் காரணம் விரல்கள் இல்லாமல் இதுவாகவும் இருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே பாருங்கள். எஃப்எம்2இன் வியூஃபைண்டரில் பவர் மாற்றும் வசதி கிடையாது.

அன்புடன்