மூன்று மணிக்கு அப்பா எங்கே கிளம்புகிறார்?

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு 78 வயது. முதலில் சென்ட்ரல் மார்க்கெட்டிலும் பிறகு மாட்டுத்தாவணியிலும் காய்கறி கமிஷன் கடை வைத்திருந்தவர். மறதி நோய் முற்றியதால் ஆறு மாதத்துக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். போன வாரம் சொல்லாமல் காலையிலேயே போனேன். இரண்டு கையையும் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். “ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு நடக்குறாரு, யூரின் ட்யூபைப் பிடுங்குறாரு, விழுந்தா யாரு பொறுப்பு?” என்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்ட ஃபார்மில் கட்டலாம் என்று இருக்கிறதாம். வேறு இடத்துக்கு மாற்றிவிடவா? - செல்லூர் வாசகி

பதில்: நானும் கட்டியிருக்கிறேன் அம்மா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நைட் டூட்டியில் நான் ஒருத்தி, வார்டு நிறைய ஆட்கள். ஒரு பெரியவர் ட்யூபை இழுத்துக்கொண்டே இருந்தார். காஸ் துணியால் கையைக் கட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். விடிந்து பார்த்தால் ட்யூப் அடைத்து, அடிவயிறு கல் மாதிரி வீங்கிக் கிடந்தது. ராத்திரி முழுக்க அவர் அதைத்தான் கையால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதனால், ஏன் கட்டினீர்கள் என்று சண்டை போடுவதற்கு முன் அப்பா ஏன் எழுந்திருக்கிறார் என்று பாருங்கள். பாதிப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. லாரி வந்து லோடு இறங்குகிற நேரத்துக்கு எழுந்தே பழகிய உடம்பு அது. பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தாலும் அந்தப் பழக்கம் மறக்காது. மனிதர் கடைக்குக் கிளம்புகிறார்.

மீதிப் பதிலை டாக்டரிடம் கேட்க வேண்டும். சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சல்கூட இல்லாமல் வெறும் குழப்பமாகவும் கோபமாகவும்தான் இவை வெளியே தெரியும். அப்புறம், அந்த ட்யூப் இன்னும் எதற்கு? ஏதோ ஒரு காரணத்துக்குப் போட்டது, எடுக்க யாருக்கும் தோன்றாமல் மாதக்கணக்கில் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ட்யூப் கிடக்கக் கிடக்கக் கிருமி சேரும், கிருமி சேர்ந்தால் குழப்பம் கூடும், குழப்பத்தில் பிடுங்குவார், உடனே துண்டு வரும். ட்யூப் கட்டாயம் வேண்டும் என்றால் தொடையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டி, உடைக்குள் கண்ணில் படாமல் விடச் சொல்லுங்கள்.

விழுந்துவிடுவார் என்று அவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் கட்டியே போட்டால் கால் சதை கரைந்து, அவிழ்த்த அன்றைக்கே விழுவார். படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டி, படுத்தபடி ஊட்டிய சோறு நுரையீரலுக்குள் போவது எல்லாம் கூடவே வரும். தரையோடு மெத்தை, பாத்ரூம் போகிற வழியில் சின்ன விளக்கு, வழுக்காத செருப்பு. இவ்வளவுக்குப் பெரிய செலவு இல்லை.

அந்த ஃபார்மைக் கண்டு பயப்படாதீர்கள். மனநோய் என்பதற்கு 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் வரையறையில் நினைவு கடுமையாகக் குலைவதும் வரும். அப்படிப்பட்டவர்களை வைத்துப் பராமரிக்கும் இடங்களில், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம் என்கிறது அதன் 97ஆம் பிரிவு. அதற்கும் மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், காரணத்தையும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும், ஆள் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது, ஆள் பற்றாக்குறை என்றும் கட்டக் கூடாது. மகளின் கையெழுத்து இதையெல்லாம் ரத்து செய்துவிடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். நம் பக்கத்தில் முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. நீங்கள் கேட்டதும் துண்டை அவிழ்த்துவிட்டுத் தூக்க மாத்திரையைக் கூட்டினால் அதுவும் கட்டுதான். மறதி நோய்க்காரர்களை அடக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளால் பக்கவாதமும் மரண ஆபத்தும் கூடும். மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள்.

மாற்றுவதா என்றால், அவசரப்பட வேண்டாம். புது இடம் அவரை இன்னும் குழப்பும். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர், கட்டியதை எழுதிவைத்த நோட்டு எங்கே, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். நோட்டைக் காட்ட மறுத்தாலோ மறுபடி கட்டினாலோ மாற்றிவிடுங்கள். முதியோர் உதவி எண் 14567க்கும் பேசுங்கள்.

அதற்கு முன் ஒரு ராத்திரி அங்கே தங்க அனுமதி கேளுங்கள். மூன்று மணிக்கு எழுந்தார் என்றால் படுங்கப்பா என்று சொல்லாதீர்கள். செருப்பைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து வராந்தாவில் கூடவே நடந்து, டீ போட்டுக் கொடுங்கள். பழைய பில் புத்தகமும் பேனாவும் எடுத்துப் போங்கள். இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.