லிட்டருக்கு 20 என்றார்கள், 13தான் வருகிறது

வணக்கம் அண்ணே. கார் விளம்பரத் தாளில் என்இடிசி (NEDC) என்ற எரிபொருள் சோதனைக் கணக்கில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர், கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வந்தால் 13தான், கார் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். பழுதாக இருக்காது என்றே நினைக்கிறேன். அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தில், கார்ச் சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டு, 20 நிமிடத்தில் சுமார் 11 கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது, ஏர்கோன் போடமாட்டார்கள். நம் கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை ஆறு மணிக்கு ஏர்கோன் இல்லாமல் முடியுமா? நெரிசலில் நின்றாலும் எண்ணெய் எரியும், கிலோமீட்டர் ஏறாது.

கார்த் திரையில் காட்டும் லிட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பம்பில், முனை தானாக நிற்கும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். அடுத்த முறையும் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். அப்புறம் டயர் காற்று, காலையில் டயர் சூடேறுமுன் பாருங்கள். அதற்கு அப்புறமும் லிட்டருக்கு ஓடும் தூரம் குறைந்துகொண்டே போனால், பிரேக் இறுகி உரசுகிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள்.