பதில்: அப்பாவைப் பார்த்துத்தான் பையன் திக்குகிறானா?

சகோதரி, மூன்றரை வயது மகன் எட்டு மாதமாகத் திக்குகிறான், கணவரைப் பார்த்துப் பழகியதுதான், அவர் பிள்ளையிடம் பேச்சைக் குறைக்கட்டும் என்று மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். திக்குவாய் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை. குடும்பத்தில் வருவதற்கு மரபணு பெரிய காரணம்.

2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், பலருக்குத் திக்குவாய் இருந்த ஒரு பெரிய பாகிஸ்தானியக் குடும்பத்தை ஆராய்ந்து, ஜிஎன்பிடிஏபி என்ற மரபணுவில் மாற்றத்தைக் கண்டார்கள். செல்லின் கழிவை உடைக்கும் நொதிகளை உரிய இடத்துக்கு அனுப்பும் வேலையில் பங்குள்ள மரபணு அது! பேச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தமோ என்றுதான் எனக்கும் தோன்றியது. அந்த மாற்றம் இருந்தும் திக்காதவர்கள் அதே குடும்பத்தில் இருந்தார்கள். அதனால் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் கணவருக்கும் மாமனாருக்கும் இன்னும் போகவில்லை என்கிறீர்கள். அதனால் காத்திருக்காமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை, ‘அ... அ... அம்மா’ என்று அவன் தடுமாறும்போது ‘மெதுவா சொல்லு’ என்று சொல்லாமல், முடிக்கும்வரை முகம் பார்த்துக் கேளுங்கள். வசம்பு தேய்ப்பதெல்லாம் வேண்டாம்.